செத்தவீட்டு வாகனம்

பட்டா லொறியை வாங்கவேண்டாம், பேசாமல் ஒரு ஓட்டோவை எடுங்கோ என்று நான் தலைபாடாய் அடித்துக்கொண்டேன். இவர் கேட்டால்தானே! வெங்காயம் ஏற்றலாம், உரம் ஏற்றலாம், கோயில் குளத்துக்கும் போகலாம் என்று சொல்லி, முன்னுக்கு இரண்டு பேர் மட்டும் இருக்கக்கூடிய, பின்னுக்குத் திறந்த பெட்டி வைத்த அந்தச் சின்ன லொறியைக் கொண்டுவந்து எங்கள் வேலணை வீட்டு முற்றத்தில் விட்டார். இது ஒருநாள் எங்கள் மானத்தை வாங்கும் என்று அன்றைக்கே சொன்னேன். வாங்கிவிட்டது. ஆனால் வாகனத்தைக் குறை சொல்லி என்ன பிரயோசனம்? அதற்கு வாயா இருக்கிறது? வாய் இருந்தது இவருக்கு. வாயை மூடிக்கொண்டு இருந்தது நான்.

என் மகள் நிருஜாவுக்கு ஆனி மாதம் கலியாணம். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, கொழும்பில் வேலை, அந்தப் பக்கம் ஒரு குறையும் இல்லை. "மாமா வந்து முன்னுக்கு நிக்காட்டி நான் மணவறையில ஏறமாட்டன்" என்று இவள்தான் ஒற்றைக் காலில் நின்றாள். மாமா என்றால் என் கூடப்பிறந்த ஒரே அண்ணை, இளையதம்பி. காரைநகரில் கலியாணம் கட்டி அங்கேயே தோட்டம் செய்கிறவர். பள்ளிக்கூட விடுமுறை விட்டால் நிருஜா அங்கேதான் நிற்பாள். மாமாவின் சைக்கிள் பாரில் ஏறியிருந்து காரைநகர் முழுக்கச் சுற்றியவள். அவளுக்கு அந்த மாமா வேண்டும். அதில் என்ன பிழை?

அந்த மாமாவுக்கும் எங்களுக்கும் கதை பேச்சு அறுந்தது அவள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில். தாய்மாமன் உடைக்கவேண்டிய தேங்காயை, சுவிசிலிருந்து வந்து நின்ற தன் ஒன்றுவிட்ட தம்பியைக் கொண்டு உடைப்பித்தார் இவர். வீடியோவுக்கு அவன் நன்றாக இருப்பானாம். வேட்டி சால்வையோடு வந்து நின்ற அண்ணை ஒரு வாய் சோறு தின்னாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வெளிக்கிட்டார். நான் பின்னால் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்க வேண்டும். அதைச் செய்தேனா? ஒழுங்கையில் நின்று, சனம் எல்லாம் பார்க்க, "போ! உன்ரை செத்தவீட்டுக்கும் நான் வரமாட்டன்" என்று கத்தினேன். ஆத்திரத்தில் நீங்கள் என்ற மரியாதையும் போனது. அதற்குப் பிறகு எங்களுக்குள் நன்மை தின்மை ஒன்றும் இல்லை.

செத்தவீட்டுக்கு யாரும் யாருக்கும் சொல்வதில்லை, கேள்விப்பட்டால் போகவேண்டியதுதான். கலியாணத்துக்கு அப்படி முடியாது. வீடு தேடிப்போய்த் தட்டத்தை நீட்டிச் சொல்லவேண்டும், அதுவும் நல்ல நேரத்தில். ஒரு வெள்ளிக்கிழமை போவதென்று முடிவெடுத்தோம். பத்தரைக்கு ராகுகாலம், அதற்கு முதல் அண்ணையின் கையில் தட்டத்தைக் கொடுத்துவிட வேண்டும். நான் விடியவே முழுகி, எவர்சில்வர் தட்டத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், குங்குமம், பலகாரம், எல்லாவற்றுக்கும் மேலே பிள்ளையார் படம் போட்ட கலியாணக் காட் வைத்து, புதுத் துவாயால் மூடிக்கொண்டு நிற்கிறேன். இவர் பட்டாவைக் கழுவிக்கொண்டு நிற்கிறார். "கலியாணம் சொல்லப் போற வாகனம் வெங்காயச் சருகோடையோ போறது?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார். கழுவி முடிய ஒன்பது மணி தாண்டிவிட்டது.

ஊர்காவற்றுறைத் துறைக்குப் போனால் அங்கே வாகனங்கள் வரிசை கட்டி நிற்கின்றன. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடலில் ஆட்களையும் வாகனங்களையும் ஏற்றி இறக்குகிற மிதவையை நாங்கள் பாதை என்றுதான் சொல்வோம். முதல்நாள் முழுக்கப் பாதையின் என்ஜின் பழுதாம், இரண்டு நாள் சனமும் ஒன்றாக வந்து நின்றது. பாதையை விட்டால் யாழ்ப்பாணம் போய்ச் சுற்றித்தான் காரைநகருக்குப் போகலாம். அப்படிப் போனால் ராகுகாலம் என்ன, மத்தியானச் சாப்பாட்டு நேரமும் முடிந்துவிடும்.

எந்த வாகனத்துக்கு என்ன அறவீடு என்று துறையில் ஒரு பெரிய பலகை வைத்திருக்கிறார்கள். சைக்கிளில் தொடங்கி மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி, கார், வான், சிறிய பார ஊர்தி, பெட்டி பூட்டிய உழவு இயந்திரம், பெட்டி பூட்டாத உழவு இயந்திரம் என்று கீழே இறங்கிக்கொண்டு போகும். மரணச் சடங்குக்குப் போகும் வாகனங்களுக்கு அறவீடு இல்லை, முன்னுரிமை உண்டு என்பது கடைசி வரி. காசு வாங்குகிறவள் ஞானசவுந்தரி, ஊர்காவற்றுறைப் பிள்ளை. தோளில் ஒரு பையும் தலையில் ஒரு தொப்பியுமாக வாகனம் வாகனமாகப் பார்த்துத் துண்டு கிழித்துக் கொடுத்துவிட்டு, பாதையோடேயே அக்கரைக்குப் போய்வருவாள். எந்த நேரமும் சிரித்த முகம்.

"பட்டா. சிறிய பார ஊர்தி" என்று சொல்லித் துண்டைக் கிழிக்கப் போனாள்.

"பொறும், பொறும்." இவர் கண்ணாடியை இறக்கினார். "என்ன பாரம்? பின்னுக்கு ஒருக்கா எட்டிப் பாரும். ஒரு சருகு கிடக்குதோ? நானும் மனுசியும் போறம், அவ்வளவுதான். கார்க் காசை எடும்."

"உள்ளுக்கு என்ன கிடக்குது எண்டு பாத்துக் காசு எடுக்கிறேல்லை அண்ணை. வாகனம் எந்த வகையோ அந்த வகைக்குத்தான். லொறி வெறுமையாப் போனாலும் லொறிதானே."

"அப்ப என்னைப் பாத்தா லொறிக்காரன் மாதிரிக் கிடக்குதோ உமக்கு?"

வெள்ளை வேட்டி கட்டி, வெள்ளைச் சட்டை போட்டு, விபூதியும் பூசிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி வந்திருக்கிற மனுசனை லொறிக்காரன் என்றால் விடுவாரா? நான் விலாவில் ஒரு இடி இடித்தேன். "இஞ்சருங்கோ, கேட்ட காசைக் குடுங்கோ. நேரம் போகுது."

"நீர் பேசாமல் இரும். காசில்லை பிரச்சினை. இது ஞாயம்."

"குடுத்தாலும் இந்தப் பயணத்தில ஏறேலாது அக்கா" என்று ஞானசவுந்தரி என்னைப் பார்த்துச் சொன்னாள். "முன்னுக்கு நிக்கிற வாகனங்களோடையே நிரம்பியிடும். அடுத்த பயணத்தில முதல் ஆளா ஏத்திவிடுறன்."

அடுத்த பயணம் என்றால் நட்டநடு ராகுகாலம். அந்த நேரத்தில் போய்க் கலியாணம் சொன்னால், ஏற்கெனவே முகம் திருப்பிக்கொண்டிருக்கிற அண்ணை என்ன நினைப்பார்? நான் பிள்ளையாரை நினைத்துக்கொண்டேன். இவர் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண் மேலிருந்து கீழே போனதை நான் கண்டேன். கடைசி வரியில் போய் நின்றதையும் கண்டேன்.

"நாங்கள் செத்தவீட்டுக்குப் போறம்" என்றார்.

ஞானசவுந்தரியின் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே வடிந்தது.

"ஐயோ அண்ணை! முதலே சொல்லுறதுக்கென்ன? நான் விசரி, காசைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு நிக்கிறன். ஆற்ரை செத்தவீடு?"

அவள் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. எங்கள் ஊரில் துக்கத்துக்குப் போகிறவர்களிடம் எல்லாரும் கேட்கிற கேள்விதான் அது. விடிய எழும்பின நேரம் தொடக்கம் வீட்டில் அடிபட்டது ஒரே ஒரு பேர், அதுதான் இவருடைய வாயில் கிடந்தது.

"இளையதம்பி... இவவின்ரை அண்ணை."

"எந்த இளையதம்பி? சைக்கிளில முருங்கைக்காய் கட்டிக்கொண்டு வாற ஐயாவோ?"

இவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு இன்றைக்கும் நான் அவரை மன்னிக்கவில்லை. பிறகு அவள் பக்கம் திரும்பி, "ஓம்" என்றார்.

ஞானசவுந்தரி நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு என் பக்கம் சுற்றி வந்தாள். என் மடியில் தட்டம்! துவாய் விலகினால் வெற்றிலையும் கலியாணக் காட்டும் வெளியே தெரியும். செத்தவீட்டுக்குப் போகிறவள் மடியில் கலியாணத் தட்டமா? சட்டென்று அதைத் தூக்கிக் காலடியில் வைத்தேன். பிள்ளையார் படம் போட்ட காட்டைச் செருப்புக்குப் பக்கத்தில் வைத்தேன். வைத்துவிட்டுச் சேலைத் தலைப்பை எடுத்து முகத்தை மூடினேன். இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதும், அதைச் சொல்லவில்லை. இவர் சொன்னது ஒரு பொய். வாய் திறக்காமல் நான் சொன்னது அதைவிடப் பெரிய பொய்.

"வழி விடுங்கோ! செத்தவீட்டு வாகனம்!" அவள் முன்னால் நடந்து கத்தக் கத்த, வரிசை விலகியது. மோட்டார் சைக்கிள்காரர் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்கள். ஒரு வான்காரர் பின்னுக்கு எடுத்து இடம் விட்டார். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை. அந்த மரியாதைக்கு நடுவில் எங்கள் பட்டா பளபளவென்று கழுவின மேனியோடு பாதையில் முதலாவதாக ஏறியது. எனக்கு நாண்டுகொண்டு சாகலாம் போல இருந்தது.

பாதை வெளிக்கிட்டதும் ஞானசவுந்தரி ஒரு தண்ணீர்ப் போத்தலோடு வந்தாள். கதவைத் திறந்து என் முதுகைத் தடவினாள்.

"கொஞ்சம் குடியுங்கோ அக்கா. நல்ல மனுசன். ஒரு சைக்கிளுக்கு நான் எடுக்கிற காசு என்ன காசு? அதுக்கு ஒவ்வொரு முறையும் எனக்கு ரெண்டு முருங்கைக்காய் கட்டித் தருவார். பிள்ளையள் படிக்குதுகளோ எண்டு கேப்பார். போன கிழமையும் வந்தவர், ஆஸ்பத்திரிக் கிளினிக்குக்கு. நெஞ்சு நோகுதெண்டு சொன்னவர். ஆனா இவ்வளவு கெதியா எண்டு ஆர் கண்டது?"

நெஞ்சு நோகிறதா? அண்ணைக்கா? எனக்குத் தெரியாது. ஒரு கடல் துண்டைத் தாண்டினால் அவருடைய வீடு. அவர் மாதா மாதம் என் பக்கத்துக்கு வந்து மருந்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறார், எனக்குத் தெரியாது. பாதையில் காசு வாங்குகிற பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. தலைப்புக்குள் எனக்கு அழுகை வந்தது. இந்த முறை உண்மையாகவே வந்தது. விக்கி விக்கி அழுதேன். அவளும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். இவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார், கோதாரி விழுந்த மனுசன்.

அந்த நேரமாவது சொல்லியிருக்கலாம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது எப்படிச் சொல்வது? அங்கால் பாதை ஓட்டுகிற மிரோஜன் ஒரு கையால் சுக்கானைப் பிடித்துக்கொண்டு மறுகையில் போனை வைத்து ஏதோ கத்திக்கொண்டிருந்தான். என்ஜின் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

காரைநகரில் இறங்கிக் கொஞ்சத் தூரம் போனதும் இவருக்குப் பேச்சு வந்தது. "பாத்தீரே, ராகுகாலத்துக்கு முதல் வந்திட்டம்."

"வாயை மூடுங்கோ. தயவு செய்து வாயை மூடுங்கோ."

"ஒரு சொல்லுத்தானே? சொன்ன உடனை செத்துப் போடுவாரோ?"

நான் தட்டத்தை எடுத்து மடியில் வைத்துத் தூசி தட்டினேன். முகத்தைத் துடைத்தேன். அண்ணையைக் கண்டதும் முதல் என்ன கதைப்பது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். நெஞ்சு நோவைப் பற்றிக் கேட்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒழுங்கைக்குள் திரும்பினால் அண்ணை வீட்டுப் படலை வாசலில் சனம். இரண்டு பேர் சனசமூக நிலையத்துப் பிளாஸ்டிக் கதிரைகளைத் தலையில் வைத்துக் கொண்டுபோகிறார்கள். உள்ளே இருந்து ஒப்பாரி கேட்கிறது.

வாய் பலித்துவிட்டது! நாங்கள் சொன்னோம், அங்கே நடந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். தட்டத்தை இருக்கையில் போட்டுவிட்டுச் செருப்பும் இல்லாமல் ஓடினேன். "அண்ணை! என்ரை அண்ணை!" என்று குழறிக்கொண்டு ஓடினேன்.

மச்சாள் பரிமளம், அண்ணையின் மனுசி, தலைவிரி கோலமாக முற்றத்து மண்ணில் கிடந்தாள். நெற்றிக் குங்குமம் முகமெல்லாம் அழிந்திருந்தது. என்னைக் கண்டதும் பாய்ந்து வந்து என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கோசலா! உன்ரை அண்ணை எங்கையடி கிடக்கிறார்? ஆஸ்பத்திரியிலையோ? தோட்டத்துக்கெண்டு விடிய வெளிக்கிட்ட மனுசனடி! போன் அடிக்க அடிக்க எடுக்கேல்லை. ஆரடி கண்டது? உனக்கு ஆர் சொன்னது? சொல்லனடி!"

எனக்கு ஆர் சொன்னது? அவளுக்கு ஆர் சொன்னது? அப்போதுதான் மிரோஜனின் போன் ஞாபகம் வந்தது. அவனுடைய வீடும் இந்த ஒழுங்கையில்தான். நின்ற இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அண்ணை சாகவில்லை. மச்சாள் என் தோளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அண்ணை உயிரோடுதான் இருக்கிறார் மச்சாள் என்று சொன்னால் அவளுடைய நெஞ்சு ஆறும், என் மானம் போகும். என் வாய் திறக்கவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. கொஞ்ச நேரம்தான் இருக்கும். ஆனால் அந்தக் கொஞ்ச நேரமும் அவள் தாலியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

படலையில் சைக்கிள் மணி கேட்டது.

அண்ணை. சாரத்தை மடித்துக் கட்டி, முழங்கால்வரை சேறு. கரியரில் மண்வெட்டியும் ஒரு கட்டு முருங்கைக்காயும். சனத்தைக் கண்டதும் முகம் வெளிறியது. கதிரைகளைப் பார்த்தார், ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சைக்கிளை அப்படியே கீழே விட்டார்.

"ஆர்? பரிமளமோ? ஐயோ பரிமளம்!"

தன் மனுசிதான் செத்துப்போனாள் என்று நினைத்துக்கொண்டு அந்த மனுசன் சனத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடிவந்தார். முற்றத்தில் மச்சாள் நின்றாள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்ற நிலையை நான் என் கண்ணால் பார்த்தேன். பார்க்காமல் இருக்க என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

"பாதையில இவையள்தான் சொன்னவையாம்" என்றாள் மிரோஜனின் தாய். "சொந்தத் தங்கச்சியே அழுதுகொண்டு வாறா எண்டுதான் என்ரை பெடியன் போன் எடுத்தவன்."

முற்றம் முழுக்க என் பக்கம் திரும்பியது. அந்த நேரம் பார்த்து இவர் பட்டாவிலிருந்து இறங்கி வந்தார். சும்மா வந்தாரா? கையில் தட்டம். துவாய் எங்கேயோ விழுந்துவிட்டது. குங்குமமும் மஞ்சளும் கலியாணக் காட்டும் பட்டப்பகலில் எல்லாருக்கும் தெரிய, "அது வந்து... பாதையில நேரம் போட்டுது... ராகுகாலம் வருதெண்டு..." என்று இழுத்துக்கொண்டு நின்றார்.

ஒருவரும் எங்களைப் பேசவில்லை. பேசியிருந்தால் தாங்கியிருப்பேன். வந்த சனம் ஒவ்வொருவராக எழும்பினார்கள். கதிரைகளை ஒன்றுக்குள் ஒன்று அடுக்கித் தூக்கினார்கள். செத்தவீட்டில் போலவே, போய்விட்டு வருகிறோம் என்று ஒரு சொல் சொல்லாமல் போனார்கள். மச்சாள் கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். பிறகு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

மிஞ்சி நின்றது அண்ணையும் நாங்களும்தான். அண்ணை என்னைப் பார்த்தார். இத்தனை வருசத்துக்குப் பிறகு நான் பார்க்கிற முகம், நல்லாக இளைத்திருந்தது.

"பாதையில நீ அழுதனியாம்" என்றார்.

"ஓம்."

"மெய்யாவோ?"

பொய் சொல்ல இனி என்னிடம் தெம்பில்லை. "முதல் இல்லை அண்ணை. பிறகு மெய்தான்."

இவர் அந்த நேரமும் சும்மா இருக்காமல் தட்டத்தை நீட்டினார். அண்ணை கையை நீட்டவில்லை. இரண்டு கைகளையும் பின்னுக்குக் கட்டிக்கொண்டார்.

"செத்தவீட்டுக்கெண்டு சொல்லி வெளிக்கிட்டு வந்தனீங்கள். அந்தக் கையால நல்லகாரியம் சொல்லக்கூடாது மச்சான். போய் முழுகிப்போட்டு வேற ஒரு நாள் வாருங்கோ."

"அப்ப கலியாணத்துக்கு வருவியளோ அண்ணை?" எனக்கு அதுதானே வேண்டும். வெட்கம் கெட்டுக் கேட்டேன்.

"பிள்ளை எனக்கு என்ன பிழை செய்தவள்? நீ முறையாச் சொல்லு, வருவன். ஆனா ஒண்டு. யாழ்ப்பாணத்தாலை சுத்திக்கொண்டு களவா வரக்கூடாது. வந்த பாதையாலைதான் வரவேணும்."

அன்றைக்கு யாழ்ப்பாணத்தால் சுற்றித்தான் வீட்டுக்குப் போனோம். பாதையடிக்குத் திரும்பிப் போக இவருக்கும் துணிவில்லை, எனக்கும் இல்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் முழுகிவிட்டு அங்கேயே குந்தியிருக்க, நிருஜா தலை துவட்ட வந்தாள். "மாமா வாறாரோ அம்மா?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். ஒன்றையும் விடாமல் சொன்னேன். அவள் துவட்டுவதை நிறுத்தினாள். துவாயை என் மடியில் போட்டுவிட்டு உள்ளே போனாள். நான் ஈரத் தலையோடு அந்த இடத்திலேயே இருந்தேன்.

அண்ணைக்கு அறிவித்துவிட்டு, அடுத்த புதன்கிழமை திரும்ப வெளிக்கிட்டோம். பட்டாவைக் கழுவவில்லை. விடியவே போய் வரிசையில் நின்றோம். ஞானசவுந்தரி வந்தாள்.

"பட்டா. சிறிய பார ஊர்தி."

இவர் ஒரு சொல் பேசாமல் காசைக் கொடுத்தார். அவள் மிச்சத்தை எண்ணிக் கொடுத்தாள். என் பக்கம் பார்க்கவே இல்லை. அவளிடம் சொல்லவென்று இரவு முழுக்கச் சேர்த்து வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. தட்டம் என் மடியில் மூடாமல் கிடந்தது.

எங்கள் முறை வந்து ஏறப்போகிற நேரம், பின்னால் ஒரு வெள்ளை வான் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்தது. முன்னுக்கு ஒரு இளம்பிள்ளை, அழுது அழுது கண் வீங்கியிருந்தது.

"செத்தவீடு அக்கா. காரைநகருக்கு."

"ஆற்ரை?"

"என்ரை அப்பா."

ஞானசவுந்தரி விலகி வழி விடுவாள் என்று பார்த்தேன். அவள் விலகவில்லை. பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டு நின்றாள்.

"குறை நினையாதையுங்கோ தங்கச்சி. வீட்டுக்கு ஒருக்காப் போன் எடுத்துத் தாங்கோ. இப்ப கேட்டுத்தான் விடவேணும் எண்டு சொல்லியிருக்கினம்."

அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை. "என்னக்கா? என்னத்துக்கு?" என்று கேட்டது. பிறகு போனை எடுத்து அழுத்தி, சத்தத்தைக் கூட்டி, கண்ணாடிக்கு வெளியே நீட்டிப் பிடித்தது. மறுபக்கத்தில் யாரோ எடுத்தார்கள். ஒரு சொல்லும் வரவில்லை. ஒப்பாரிதான் வந்தது. நாலைந்து பொம்பிளைகள் குழறி அழுகிற சத்தம், அந்தத் துறை முழுக்கக் கேட்டது.

"போதும், போதும், போங்கோ!" ஞானசவுந்தரி காதைப் பொத்திக்கொண்டாள்.

இவர் தலையை ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டார். வான் எங்களைக் கடந்து ஏறியது. அதற்குப் பின்னால் நாங்கள் ஏறினோம். ஞானசவுந்தரி அக்கரை வரும்வரை ஒரு மூலையில் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிள்ளைக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை. கேட்டுத் துன்பப்படுத்தின கையால் எப்படிக் கொடுப்பது என்று நினைத்தாளோ என்னவோ. திரும்பி என்னைப் பார்த்து, பாவி, பார் நீ செய்த வேலையை என்று ஒரு சொல் சொல்லமாட்டாளா என்று இருந்தது எனக்கு.

காரைநகர்த் துறையில் அண்ணை சைக்கிளோடு நின்றார். வான் போகும்வரை ஓரமாக நின்று, பிறகு எங்கள் பட்டாவுக்குக் கிட்ட வந்தார். என் பக்கக் கண்ணாடியில் கையை ஊன்றினார்.

"சொல்லு" என்றார்.

"நிருஜாவுக்கு ஆனியில கலியாணம் அண்ணை. நீங்கள் தாய்மாமனா வந்து, முன்னுக்கு நிண்டு, தேங்காயும் நீங்கள்தான்..." தட்டத்தைத் தூக்கி நீட்டினேன்.

அண்ணை தட்டத்தைப் பார்த்தார். பாதைப் பக்கமும் ஒருமுறை பார்த்தார்.

"அந்தப் பிள்ளைக்குச் சொன்னியோ?"

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. "இல்லை."

"அண்டைக்குப் பின்னேரம் வீட்டை வந்தவள். வேலை முடிஞ்ச கையோடை, பூவும் ஒரு மெழுகுதிரியும் கொண்டு வந்தவள். எனக்கு வைக்கவாம். மிரோஜன் வெக்கத்தில அவளுக்கு ஒண்டும் சொல்லேல்லைப்போல. படலையில நான் நிக்கிறதைக் கண்டிட்டு அப்பிடியே நிலத்தில குந்தியிருந்து அழுதுபோட்டாள். உன்னில ஒரு குறை சொல்லேல்லை. அக்கா உண்மையா அழுதவ ஐயா, அது எனக்குத் தெரியும், அவவுக்கு ஏதோ கஷ்டம் இருந்திருக்கும் எண்டுதான் சொன்னவள்."

எனக்கு முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை.

"முதல் அவளிட்டைப் போய் நடந்ததைச் சொல்லிப்போட்டு வா. பிறகு தட்டத்தை வாங்குறன். ஆறுதலாப் போட்டு வா. நான் எங்கை போறது? உயிரோடதானே இருக்கிறன்."

தட்டத்தை இருக்கையில் வைத்துவிட்டு இறங்கினேன். இவரும் மறுபக்கத்தால் இறங்கி, எனக்குப் பின்னால் வந்தார். பாதை இன்னும் வெளிக்கிடவில்லை. திரும்பிப் போகிற வாகனங்களுக்கு ஞானசவுந்தரி துண்டு கிழித்துக்கொண்டு நின்றாள். கிட்டப் போய், "தங்கச்சி" என்றேன். அவள் நிமிர்ந்தாள். என் கை தானாகவே சேலைத் தலைப்புக்குப் போனது, முகத்தை மூட. தலைப்பை விட்டுவிட்டு, அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தொடங்கினேன்.